தம்பி அனுப்பும் ஜீரண மருந்து

மார்ச் 3

தம்பிக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. பாட்டில் எதுவும் ஒழுகவில்லை. கண்ணாடி உடையும் என்று மருந்தைப் பழைய தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி அனுப்புகிறாய், சரி. ஆனால் மூடியைச் சுற்றி நீ ஒட்டும் டேப்பைப் பிரிப்பதற்குள் என் நகம் பெயர்ந்துவிடுகிறது. நீ பெயிண்ட் அடித்த கார்களுக்குக்கூட இத்தனை டேப் ஒட்டியிருக்க மாட்டாய்.

போன் வேண்டாம், கடிதம் எழுது என்று நான் சொன்னதற்கு நீ கோபித்துக்கொண்டதாக என் மகள் சொன்னாள். கோபித்துக்கொள். உனக்குக் காது மந்தம் என்பதற்காக நீ என் காதில் கத்துகிறாய். போன தடவை பேசியது எதில் தொடங்கியது என்றுகூட நினைவில்லை, சண்டையில் முடிந்தது மட்டும் நினைவிருக்கிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. எனக்கு அது வசதி.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு என்ன நடக்கிறது என்று எனக்கே விளங்கவில்லை. போன வாரம் வீட்டுச் சாவியைக் காணவில்லை. வீட்டையே புரட்டிப் போட்டேன். கடைசியில் சர்க்கரை டப்பாவுக்குள் கிடந்தது. நான் அதை அங்கே வைக்கவில்லை. இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. அப்படியானால் வைத்தது யார்?

அச்சகத்திலிருந்து பாடப்புத்தகத் தாள்களை இன்னும் எனக்குத்தான் பிழை பார்க்க அனுப்புகிறார்கள். காலையில் உட்கார்ந்தால் எழுத்துகள் மிதக்கின்றன. ஒரு பக்கத்தைப் பார்த்து முடித்து அடுத்த பக்கத்துக்குப் போனால், முந்தைய பக்கத்தைப் பார்த்தேனா என்றே தெரியவில்லை.

மகள் டாக்டரிடம் கூட்டிப்போனாள். உன் அத்தான் போன பிறகு எனக்குத் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தாரே, அதே டாக்டர். என்னென்னவோ கேட்டுவிட்டு, "நீங்க குடிப்பீங்களாம்மா?" என்றும் கேட்டார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். நம் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? கேட்டுத்தான் ஆக வேண்டுமாம், எல்லாரையும் கேட்பார்களாம். மகள் சமாதானம் சொன்னாள். எனக்கு ஆறவில்லை.

மறதி நோய் ஆரம்பம் என்று மகள் முடிவே கட்டிவிட்டாள். முதியோர் இல்லம் ஒன்றில் என் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறாள். மே மாதம் ஓர் அறை காலியாகுமாம். ஏப்ரல் கடைசிக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். போய்ப் பார்த்தேன். சுத்தமான இடம்தான். அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை.

இன்னொன்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன். சாயங்காலம் அப்பா வருகிறார். உருவம் கிடையாது, வாசம் மட்டும். வேலையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு வாசம் வருமே, வாயில் அடக்கிய கிராம்போடு சேர்ந்து, அதேதான். நான் சாப்பிட உட்காரும்போது வந்தால் படுக்கும்வரை போவதில்லை. உனக்கு எப்போதாவது இப்படி வந்திருக்கிறதா?

உன் மருந்து ஒன்றுதான் துணை. தொண்டையைக் காந்தினாலும் வயிறு லேசாகிவிடுகிறது. மாத்திரையும் அதுவும் சேர்ந்தால்தான் கண் மூடுகிறது. சொல்ல மறந்துவிட்டேன், போன வாரம் வீட்டுச் சாவியைக் காணவில்லை. கடைசியில் சர்க்கரை டப்பாவுக்குள் கிடந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாளாக மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறேன். சாவிக் கதையை ஒரே கடிதத்தில் இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். ஊரார் புத்தகத்திலெல்லாம் பிழை பிடிக்கிறவள் நீ. வேண்டுமென்றே என்னைக் கலாய்க்கிறாயா, நிஜமாகவே தெரியாமல் எழுதினாயா? கலாய்த்தேன் என்று சொல், நிம்மதியாக இருக்கும்.

அப்பா வருகிறார் என்றால் வந்த வழியே போகச் சொல். உயிரோடு இருந்தபோதே அந்த ஆளை வாசலில் நிறுத்தியவன் நான். வாசம் கீசம் என்று என்னைக் கேட்காதே. முப்பது வருஷம் பெயிண்ட் புகையில் நின்றவனுக்கு மூக்கு என்பது கண்ணாடியை மாட்டிக்கொள்ளத்தான். பூவும் பினாயிலும் எனக்கு ஒன்றுதான். நீயே கேலி செய்திருக்கிறாய்.

டாக்டர் கேட்டதை நினைத்தால் எனக்கே பொறுக்கவில்லை. குடிக்கிறவன் நிழல் பட்டாலே தள்ளி நடக்கிற குடும்பம் நம்முடையது. குடிகாரன் பிள்ளை என்று பெண் தரத் தயங்கினார்கள், போங்கடா என்று கல்யாணமே வேண்டாமென்று இருந்தவன் நான். பட்டறையில் எத்தனை பேர் எத்தனை விதமாக ஊற்றிக்கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு தொட்டிருப்பேனா?

உனக்கு வந்திருப்பது பலவீனம், வேறொன்றும் இல்லை. மருந்தை நீ மூடியால் அளந்து குடிப்பாய், எனக்குத் தெரியும். அது போதாது. என்னைப் பார். காலையில் கை நடுங்கும், வயசு என்றுதான் நினைத்தேன். அரை டம்ளர் உள்ளே போனால் கை கல் மாதிரி நிற்கிறது. இன்றைக்கும் பட்டறையில் கலர் கலக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். "டானிக் அண்ணே" என்று பெயரே வைத்துவிட்டார்கள், இந்த வயதிலும் ஓடியாடுகிறேன் அல்லவா. மருந்து விற்கிற ஆள் பட்டறை வாசலிலேயே கடை போட்டிருப்பது என் அதிர்ஷ்டம்.

இன்னும் நாலு பாட்டில் சேர்த்து அனுப்புகிறேன். ராத்திரி அரை டம்ளராகவே எடு. கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே. உனக்குப் புத்தி சரியில்லை என்றால் இந்த உலகத்தில் யாருக்கும் சரியில்லை.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

நீ வந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனது எனக்கு வருத்தம். நாற்காலியில் உட்கார்ந்தாய், சாப்பிடுகிறாயா என்று கேட்டேன், பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. அவ்வளவு தூரம் ரயிலில் வந்தவன் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? மகளிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

குளியலறையில் விழுந்துவிட்டேன். எலும்பு எதுவும் முறியவில்லை, நெற்றியில் தையல். எப்படி விழுந்தேன் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல? நான் கட்டிலில் இருந்தேன், பிறகு தரையில் இருந்தேன். நடுவில் எதுவும் இல்லை.

அச்சகத்திலிருந்து மேலாளர் நேரில் வந்தார். நல்ல மனிதர், சுற்றிவளைத்துப் பேசினார். ஒரே பாடம் புத்தகத்தில் இரண்டு இடத்தில் அச்சாகிவிட்டதாம். அந்தத் தாள்களில் என் கையெழுத்து இருக்கிறதாம். "நீங்க கொஞ்ச நாள் ஓய்வெடுங்கம்மா" என்றார். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் அந்தத் தொனியில் பேசியதில்லை. அவர் போனபிறகு அழுதேன்.

அரை டம்ளர் எடுக்கிறேன். நல்லதுதான், படுத்த உடனே தூக்கம். சில நாள் மாத்திரை போட்டேனா என்று சந்தேகம் வந்து இன்னொன்று போடுகிறேன். அப்பா இப்போது மதியமே வந்துவிடுகிறார். நீயும் அவரும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன், உங்கள் இருவருக்கும்தான் ஆகாதே.

கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். மகள் பாவம், எத்தனை தடவை ஓடிவருவாள். நீ வந்துவிட்டுப் பேசாமல் போனது மட்டும் எனக்கு வருத்தம்.

அக்கா

மார்ச் 30

அக்காவுக்கு,

நான் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. நான் உன் வீட்டுக்கு வந்து எத்தனையோ மாதமாகிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன், நீலம் கேட்டவனுக்குப் பச்சை கலக்கிக்கொடுத்தேன். எனக்கும் எதுவும் ஓடவில்லை. கையெழுத்துப் போடாதே என்று வீறாப்பாக எழுதினேனே, அது தப்போ என்று தோன்றுகிறது. நீ விழுந்தது எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு தடவை விழுந்தால், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால்?

உன் மகளுக்குப் போன் செய்தேன். நான் கத்தினேன், அவள் அழுதாள், ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. கொஞ்ச நாளைக்கு உன்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். போ. அதற்குப் பிறகு அவள் சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போடுவதானால் போட்டுக்கொள். என்னைக் கேட்காதே. நான் சொன்னது எதுவும் இதுவரை நல்லதாக முடியவில்லை.

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதி முடித்துவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எதையும் திரும்பச் சொல்லவில்லை.

மகள் வீட்டில் இருந்தேன். கிளம்பிய அவசரத்தில் உன் பாட்டில்கள் என் வீட்டிலேயே நின்றுவிட்டன. போன முதல் சில நாள் என்னை உயிரோடு வறுத்தெடுப்பது போல இருந்தது. வேர்வை, படபடப்பு, தூக்கமே இல்லை. மாத்திரையை மகள் தன் கையால் எண்ணிக் கொடுத்தாள், அப்படியும் இல்லை. நோய் முற்றிவிட்டது என்று அவள் முகம் இருண்டுபோனது. பிறகு ஒரு காலையில் எழுந்து, மாப்பிள்ளை படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை எதிரில் உட்கார்ந்தபடியே தலைகீழாக வாசித்து, அதில் இருந்த பிழையைச் சொன்னேன். அவர் பயந்தே போனார். அதன் பிறகு நாளுக்கு நாள் தெளிவு. அங்கே அப்பா ஒரு நாள்கூட வரவில்லை. மகள் வீடு அவருக்குத் தெரியாது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதே என்று இப்போது சொல்ல மாட்டேன். சிரித்துக்கொள்.

நேற்று இல்லத்துக்கு எடுத்துப்போகத் துணிகளைக் கட்டுவதற்காக வீட்டுக்கு வந்தேன். மகள் உள்ளே மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு மந்தமாக இருந்தது. உன் பாட்டில் ஒன்றை எடுத்து மூடியைத் திறந்தேன்.

அப்பா வந்துவிட்டார். மட்ட மத்தியானத்தில், என் கைக்குள்ளேயிருந்து.

மேலே கிராம்பு. அடியில் அது. ராத்திரி வாசலில் நின்றுகொண்டு அம்மாவைக் கூப்பிடுவாரே, அதே நெடி. தினமும் நான் அதைக் குடித்துக்கொண்டிருந்ததால், அறை முழுதும் இருந்ததால், என் வாயிலிருந்தே வந்ததால், எனக்குத் தெரியவில்லை. உன்னிடமிருந்து வந்தது என்பதால் சந்தேகமும் வரவில்லை. மகளைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். அவள் பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என் மகள் என்னை அப்படிப் பார்த்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

டாக்டர் கேட்டதற்குக் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தேனே. இப்போது எந்த முகத்தோடு போவேன்?

ஒரே ஒரு கேள்வி. நீ தெரிந்து அனுப்பினாயா, தெரியாமல் அனுப்பினாயா? வியாக்கியானம் வேண்டாம். ஒரே வரியில் பதில் எழுது.

அக்கா

ஏப்ரல் 26

அக்காவுக்கு,

தெரியாது.

ஒரே வரி கேட்டாய், எழுதிவிட்டேன். மீதியைப் படிக்க விருப்பமில்லை என்றால் கிழித்துப்போடு.

உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் உனக்குப் புத்தி மறுபடியும் பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். என்னைப் பார்த்து இப்படி ஒரு பழியா என்று குதித்தேன். பிறகு பாட்டிலை எடுத்து முகர்ந்தேன். என்ன முகர்ந்து என்ன, சுவரை முகர்ந்தாலும் எனக்கு அதேதான். பாட்டில் மேல் சிங்கம் படம் போட்ட தாள் ஒன்றுதான் இருக்கிறது. மருந்து என்று சொல்லித்தான் அவன் விற்றான், மருந்து என்று சொல்லித்தான் நான் வாங்கினேன்.

என் அறைக்குக் கீழே கார் பாட்டரிக் கடை வைத்திருப்பவரிடம் கொண்டுபோய் நீட்டினேன். இதில் என்ன வாசம் வருகிறது, சொல்லுங்கள் என்றேன். அவர் முகரக்கூட இல்லை. சிரித்தார். "என்னண்ணே விளையாடுறீங்க? இது சரக்குன்னு தெரியாமலா இத்தனை வருஷமா குடிக்கிறீங்க? நீங்க சும்மா மருந்துன்னு பேருக்குச் சொல்லிக்கிறீங்கன்னுல்ல நாங்க நெனச்சோம்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பட்டறையில் தெரியும், பால் ஊற்றுகிறவனுக்குத் தெரியும். டானிக் அண்ணே என்று கூப்பிட்டதற்கு அர்த்தம் அதுதான். நான் வாய் நாறிக்கொண்டு போய் நின்று, குடியைப் பற்றி அவர்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன்கூட என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. மரியாதையாம்.

உன்னைக் கீழே தள்ளியது நான். உன் வேலையைப் பறித்தது நான். அரை டம்ளராக எடு என்று எழுதினேனே, அந்தக் கையை என்ன செய்தால் தகும்? வீட்டிலிருந்த எல்லாப் பாட்டிலையும் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டேன். இனி அந்தக் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

நீ மன்னிக்க வேண்டாம். கையெழுத்து மட்டும் போடாதே.

தம்பி

மே 3

தம்பிக்கு,

கையெழுத்துப் போடவில்லை. அந்த அறை வேறு யாருக்கோ போய்விட்டது.

டாக்டரிடம் பாட்டிலோடு போனேன். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. இந்த மாத்திரையும் அதுவும் ஒன்றாக உள்ளே போனால் என் வயதில் நினைவு தப்பும், கால் தடுமாறும், சில பேருக்குத் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகும் என்றார். மாத்திரையை நானாகக் கூட்டிக்கொண்டே போனதும் பெரிய தப்பாம். அதையும் சட்டென்று விடக் கூடாதாம், வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்கிறார். ஞாபகத்துக்கு ஏதேதோ சோதனை வைத்தார். மறதி நோய்க்கு இப்போதைக்கு அடையாளம் எதுவும் தெரியவில்லையாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பாராம். மகள் வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

எல்லாக் குழப்பமும் தீர்ந்துவிட்டது என்று நீ நினைப்பாய். எனக்கு இப்போதுதான் வேறு குழப்பம் தொடங்கியிருக்கிறது. சாயங்காலம் விளக்கைப் போட்டால் வீடு காலியாக இருக்கிறது. உன் அத்தான் இல்லை என்பது இவ்வளவு நாள் எனக்குச் சரியாகத் தெரியவே இல்லையோ என்று நினைக்கிறேன். சாப்பிட்டதும் மருந்து, மருந்தானதும் மாத்திரை, உடனே தூக்கம் என்று ஓட்டியிருக்கிறேன். இப்போது சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் எத்தனை நேரம் இருக்கிறது தெரியுமா? புத்தி தெளிந்து கிடைத்தது இதுதானா என்று ஒரு நாள் கோபமாகக்கூட வந்தது.

டாக்டர் சொன்னபடி செவ்வாய்க்கிழமை அங்கே நடக்கும் கூட்டத்துக்குப் போகிறேன். என் வயசுக்காரர்கள் வட்டமாக நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். முதல் நாள் வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடுதான் போனேன். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், மனைவி போனபிறகு மதியமே பாட்டிலைத் திறக்க ஆரம்பித்தவர், மழை பெய்ததைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்கிறார். முட்டி வலி மாத்திரையை விட முடியாத ஓர் அம்மாள் தன்னையே கிண்டல் செய்கிறாள். என் முறை வந்தது. குடிப்பழக்கமே இல்லாதவள் என்று ஆரம்பித்தேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மனசு லேசாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

உன் மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. ஒரு வேளை போகிறது, ஒரு வேளை வருகிறது. ஆனால் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். இதை அனுப்பிய தம்பி எவ்வளவு எடுக்கிறார் என்று கேட்டார். எனக்கு நீ அனுப்பியது உன்னுடையதில் மிச்சம்தானே? காலையில் கை நடுங்குகிறது, குடித்தால் நிற்கிறது என்று எழுதியிருந்தாயே, அதைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எவ்வளவு எடுத்தாய்? நிறுத்தியது முதல் எப்படி இருக்கிறாய்? உடனே எழுது. இதில் மானம் மரியாதை பார்க்காதே.

அக்கா

மே 8

அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இதுவே கை நின்றபிறகு எழுதுவது.

பாட்டில்களைக் கொட்டினேன் என்று எழுதினேன் அல்லவா, அது உண்மை. அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நிமிர்ந்து நடந்து வந்தேன். மறுநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. சாயங்காலம் பட்டறை பூட்டிக் கிடக்கிறது, கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கேட்கிறது. எனக்கு, இந்தக் காதுக்கு. அப்புறம் சுவரில் எறும்பு. துடைப்பத்தை எடுத்துத் தட்டினால் துடைப்பத்தில் எறும்பு. பாட்டரிக் கடைக்காரர் வந்து கதவைத் தட்டினார். எறும்பு உள்ளே வந்துவிடும் என்று நான் திறக்கவில்லை. பார், நான் எழுதுவதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

விடிந்ததும் போய் வாங்கிவிட்டேன். தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றேனே, அந்தக் கடையில். இந்தத் தடவை மருந்து என்று சொல்லிக்கூட வாங்கவில்லை. அவன் நீட்டினான், நான் வாங்கினேன். ஒரு டம்ளர் போனதும் எறும்பு போய்விட்டது. அப்படி ஒரு நிம்மதி அக்கா, அதுதான் எனக்குப் புரியவில்லை. வெறுக்க வேண்டியதல்லவா?

எவ்வளவு என்று கேட்டாய். ஒரு பாட்டில் மறுநாளைக்கு மிஞ்சுவதில்லை. மூடியில் தொடங்கியது எப்போது பாட்டிலாயிற்று என்று நினைத்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. யார் வீட்டில் யார் பிள்ளையாக வளர்ந்தேன். தெரியாமல் குடித்தேன் என்று இதுவரை சொல்லலாம். இன்று காலை குடித்ததை என்ன சொல்வது?

வரும் திங்கள்கிழமை நிறுத்துகிறேன். கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு, எறும்பு வந்தாலும் யானை வந்தாலும் திறப்பதில்லை. ஒரேயடியாக வெட்டிவிட வேண்டும், தவணை முறையெல்லாம் எனக்குச் சரிப்படாது. துருவைச் சுரண்டாமல் மேலே பெயிண்ட் அடிக்கிறவன் இல்லை நான். பாட்டரிக் கடைக்காரரிடமும் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நீ வராதே. இந்தக் கோலத்தில் நீ என்னைப் பார்க்கக் கூடாது.

தம்பி

மே 11, சனிக்கிழமை

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவது மாப்பிள்ளை. வேனை எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்புகிறார். ராத்திரிக்குள் வந்துவிடுவார். கதவைத் திற. பாட்டரிக் கடைக்காரருக்கும் போன் செய்து, மாப்பிள்ளை வரும்வரை உன்னோடு வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். ஊருக்குப் போகிறாய் என்று நீ சொன்ன பொய்யை அவர் ஏற்கெனவே நம்பவில்லை. இனி உனக்கு யாரிடமும் மறைக்க எதுவும் இல்லை, அந்த மட்டில் லாபம்.

உன் கடிதத்தைப் படித்த கையோடு டாக்டரிடம் ஓடினேன். காத்திருந்த நோயாளிகளுக்கு நடுவில் புகுந்து நீட்டினேன். அவர் நின்றபடியே படித்துவிட்டு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இவ்வளவு நாள், இவ்வளவு அளவு, இந்த வயது. அறையைப் பூட்டிக்கொண்டு ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரே போய்விடும். போன தடவை எறும்போடு தப்பித்தது உன் அதிர்ஷ்டமாம். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, மருந்து கொடுத்து, பக்கத்தில் ஆள் இருந்து நிறுத்த வேண்டிய விஷயமாம். உன் மன உறுதிக்கு இதில் வேலையே இல்லை என்றார். என் தம்பிக்கு அது ஒன்றுதான் இருக்கிறது என்றேன்.

நாளைக் காலை மாப்பிள்ளை உன்னை உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். எங்கள் டாக்டர் அங்கே பேசி வைத்திருக்கிறார். என்னை இன்று வேனில் ஏற்ற மகள் விடவில்லை, மாத்திரை குறைத்ததில் இன்னும் தலை சுற்றுகிறது. திங்கள்கிழமை அவளோடு ரயிலில் வருகிறேன். வராதே என்று நீ எழுதியதைப் படித்தேன். பிழை என்று அடித்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. அத்தான் போனபோதுகூட இப்படி இல்லை. நான் புத்தி பேதலித்துக் கிடந்தபோது நீ பயந்தாயே, அது எப்படி இருந்திருக்கும் என்று இன்று தெரிகிறது. நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டிலிருந்து வந்தோம், அப்பாவைப் போல ஆகிவிடக் கூடாது என்றே வாழ்ந்தோம், அதிலேயே பாதி ஆயுள் போய்விட்டது. அவர் பட்டது என்ன என்று நாம் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. இதெல்லாம் எங்கே தப்பாகிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் கேட்டால் உனக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு பேருமாகத் தெரியாமல் இருப்போம்.

இப்போது நான் சொல்வதை மட்டும் கேள். ரோஷத்தில் இன்றைக்கே நிறுத்திக்காட்ட நினைக்காதே. உன்னை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்வரை வழக்கமாக எடுக்கிறதை எடு. கூட்டாதே, குறைக்காதே, தனியாக இருக்காதே. டாக்டர் இதை மாப்பிள்ளையிடம் சொல்லியனுப்பச் சொன்னார். வேறொருவர் வாயால் கேட்டால் நீ நம்ப மாட்டாய், அதனால்தான் என் கையால் எழுதுகிறேன்.

இன்று ராத்திரி குடி, தம்பி. செத்துப்போய்விடாதே.

அக்கா